முன்பணம் வருமானம் அல்ல, கடன்: என் இணையக் கடை சொல்லிக்கொடுத்த பாடம்

முப்பத்து நான்கு ஆண்டுகள் வங்கியில் மற்றவர்களின் கணக்கைப் பார்த்தேன். 2017-ல் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபின் என் மூன்று ஏக்கருக்குக் கணக்கு எழுதத் தொடங்கினேன். எது கடினம் என்று கேட்டால் இரண்டாவதுதான் என்பேன்.

திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் மாப்பிள்ளை சம்பா விதை 2 கிலோ வாங்கினேன். அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே வழக்கம். நூற்றுக்கு நூறு வட்டி! வங்கியில் இருந்தபோது இப்படி ஒரு கடன் விண்ணப்பம் வந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். ஆனால் என் வாழ்க்கையில் மனம் நிறைந்து வாங்கிய கடனும், மனம் நிறைந்து அடைத்த கடனும் அதுதான். அடுத்து கருப்பு கவுனி, தூயமல்லி என்று வயல் நிறைந்தது. விளைவிக்கத் தெரிந்துகொண்டோம். விற்கத்தான் தெரியவில்லை.

2020 ஊரடங்கில் சென்னையில் இருந்த பழைய சக ஊழியர்கள், "அரிசி அனுப்ப முடியுமா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டார்கள். அப்படித்தான் ஆரம்பித்தது. அடுத்த ஆண்டு இணையக் கடை போட்டேன். "நாமும் ஒரு ஆன்லைன் கடை போடலாமா?" என்று நம் இயக்கக் கூட்டங்களில் இளைய உழவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காக, நான் செய்த தவறுகளையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கடை போடுவது சுலபம்

நகரத்தில் ஒரு நிறுவனம் இணையக் கடை அமைத்துத் தர 85,000 ரூபாய் கேட்டது. அந்த ஆண்டு என் கவுனி முழுவதையும் விற்றாலும் அந்தப் பணம் வராது. கணினி படித்த என் தங்கை மகன், "மாமா, அதெல்லாம் வேண்டாம்" என்று சொல்லி, வேர்ட்பிரஸ்ஸில் ஊகாமர்ஸ் என்ற இலவசச் செயலியை இணைத்து இரண்டு வாரத்தில் கடையைத் திறந்து கொடுத்தான். இணையப் பெயர், அதற்கான சர்வர் வாடகை எல்லாம் சேர்த்து முதல் ஆண்டுச் செலவு 6,000 ரூபாய்க்குள் முடிந்தது.

அதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது. வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். அதில் கேட்டலாக் என்ற பகுதியில் பொருளின் படம், விலை, விவரம் போட்டு வைக்கலாம். மாதம் இருபது, முப்பது ஆர்டர் வரை அதுவே போதும். அதைச் சமாளிக்க முடியாதபோது தனிக் கடை போடுங்கள். நான் அவசரப்பட்டேன், நீங்கள் அவசரப்பட வேண்டாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். யார் கடையை அமைத்துக் கொடுத்தாலும் இணையப் பெயர் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாகி இருக்க வேண்டும். பட்டா அடுத்தவர் பெயரில் இருக்கும் நிலத்தில் கிணறு வெட்டுவோமா? அதே கதைதான் இது.

படம் எடுக்க ஸ்டுடியோ தேவையில்லை. காலை எட்டு மணி வெயிலில், திண்ணையில் முறத்தில் அரிசியைப் பரப்பி செல்போனில் எடுத்தேன். படத்தைவிட விவரம் முக்கியம். முதல் மாதம் வந்த அழைப்புகளில் பாதி, "சார், அரிசி வேகவே இல்லை" என்பதுதான். மாப்பிள்ளை சம்பாவை இரவே ஊற வைக்க வேண்டும், ஒரு பங்கு அரிசிக்கு மூன்று பங்கு தண்ணீர் வேண்டும் என்று நமக்குத் தெரியும், நகரத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. என் மனைவி சமைக்கும் முறையை அப்படியே கடையில் எழுதி வைத்தேன். அழைப்புகள் குறைந்தன.

"உங்க அரிசி நடக்குது சார்"

மூன்றாவது மாதம் கோவையிலிருந்து ஒரு வாடிக்கையாளர் வீடியோ அனுப்பினார். தட்டில் அரிசி. அதில் வண்டுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. "உங்க அரிசி நடக்குது சார்" என்று கீழே ஒரு வரி.

எனக்குக் கோபம் வந்தது. "விஷம் போடாத அரிசியில் வண்டு வரத்தான் செய்யும், அதுதான் இயற்கை என்பதற்குச் சாட்சி" என்று பதில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். பின்னால் நின்று படித்த என் மனைவி சொன்னாள்: "என்னங்க, நமக்கு வேணா அது சாட்சியா இருக்கலாம். காசு குடுத்தவங்களுக்கு அது வண்டுதாங்க."

பதிலை அழித்தேன். மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பி அனுப்பினேன்.

தவறு எங்கே என்று யோசித்தால், அது என் களஞ்சியத்தில் இருந்தது. கடை என்றால் எல்லாப் பொருளும் எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்று எண்ணி, 400 கிலோ நெல்லை ஒரே நாளில் அரைத்து மூட்டை கட்டி வைத்திருந்தேன். பட்டை தீட்டாத அரிசியில் தவிட்டில் இருக்கும் எண்ணெய் நாளாக நாளாகச் சிக்கு வாடை அடிக்கும், வண்டும் சீக்கிரம் வரும். நம் முன்னோர் அரிசியாகச் சேமிக்கவில்லை. நெல்லாகச் சேமித்து, வேண்டும்போது குத்தினார்கள். இணையக் கடை வந்துவிட்டது என்பதற்காக அந்த அறிவை நான் தூக்கிப் போட்டிருந்தேன்.

இப்போது என் கடை மாதம் முழுவதும் திறந்திருப்பதில்லை. 1-ஆம் தேதி முதல் 10-ஆம் தேதி வரை ஆர்டர் வாங்குகிறேன். 12-ஆம் தேதி, வந்த ஆர்டர் அளவுக்கு மட்டும் நெல்லை மில்லுக்குக் கொண்டு போகிறேன். சலித்து, புடைத்து, பொட்டலம் போட்டு 15-ஆம் தேதி அனுப்புகிறேன். "இரண்டு மாதத்துக்குள் பயன்படுத்துங்கள், வசம்புத் துண்டு போட்டு வையுங்கள்" என்று ஒரு துண்டுச் சீட்டு உள்ளே இருக்கும். பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்குப் பொருள் வரும் காலத்தில் பதினைந்து நாள் யார் காத்திருப்பார்கள் என்று பயந்தேன். காரணத்தைச் சொன்னால் காத்திருக்கிறார்கள்.

அந்த மார்கழி

நான் சொல்ல வந்த முக்கியமான பாடம் இதுதான். முதல் ஆண்டு மார்கழியில் ஒரு வாடிக்கையாளர் எங்கள் கவுனியில் பொங்கல் செய்து வீடியோவாகப் போட்டிருந்தார். நான்கே நாளில் 61 பேர் கவுனி கேட்டுப் பணம் கட்டிவிட்டார்கள். மொத்தம் 212 கிலோ. என்னிடம் இருந்தது 90 கிலோ.

ஒவ்வொரு பொருளுக்கும் இருப்பு எவ்வளவு என்று கடையில் எழுதி வைத்தால், தீர்ந்ததும் அதுவே விற்பனையை நிறுத்திவிடும். அந்தக் கட்டத்தை நான் காலியாக விட்டிருந்தேன். லெட்ஜரில் ஒரு ரூபாய் இடித்தாலும் இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்து தேடியவன், தன் கடையில் இருப்பு எழுதவில்லை!

முதலில் பணம் கட்டிய 26 பேருக்கு 90 கிலோவும் சரியாகப் போனது. மீதி 35 பேர், 122 கிலோ. பொங்கலுக்கு ஒன்பது நாள் இருந்தது.

அன்று மாலை எங்கள் பகுதி வியாபாரி ஒருவர் விஷயம் கேள்விப்பட்டு வந்தார். "சார், கவுனி எவ்வளவு வேணும்? 150 கிலோ நாளைக்கே இறக்கிடுறேன்."

"மருந்து அடிக்காததா?"

சிரித்தார். "சார், கருப்பா இருந்தா கவுனி. சோத்துல உரம் தெரியுமா, மருந்து தெரியுமா? உங்க பையில போட்டா உங்க அரிசி."

உண்மையைச் சொல்கிறேன், அன்றிரவு நான் தூங்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் விலைக்கு வாங்கி அனுப்பினால் லாபம் நிற்கும், வாடிக்கையாளர் கோபம் இருக்காது, கடைக்குக் கெட்ட பெயர் வராது. யாருக்கும் தெரியாது என்பதும் உண்மைதான். எனக்கு மட்டும்தான் தெரியும்.

விடியற்காலையில் என் மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பை மூட்டிக்கொண்டே கேட்டாள்: "பேங்க்ல இருந்தப்ப ஒருத்தர் டெபாசிட்ட எடுத்து இன்னொருத்தருக்குக் குடுப்பீங்களா?"

அவ்வளவுதான். முன்பணம் என்பது வருமானம் அல்ல. பொருள் போய்ச் சேரும் வரை அது நாம் பட்டிருக்கும் கடன். என்ன பொருளைத் தருவதாகச் சொல்லி வாங்கினோமோ, அதைக் கொடுத்தால்தான் அந்தக் கடன் தீரும்.

எங்கள் குழுவில் இருக்கும் மற்ற உழவர்களைக் கேட்டேன். யாரிடமும் கவுனி மிச்சமில்லை. பிறகு 35 பேரையும் ஒவ்வொருவராக அழைத்தேன். "என் கவனக்குறைவு. என் வயலில் விளைந்த கவுனி தீர்ந்துவிட்டது. வேறு இடத்தில் வாங்கி அனுப்ப எனக்கு மனமில்லை. பணத்தைத் திருப்பி அனுப்பட்டுமா?" மூன்று பேர் நன்றாகத் திட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். பதினொரு பேர், "பணம் உங்ககிட்டயே இருக்கட்டும் ஐயா, அடுத்த அறுவடையில் அனுப்புங்க" என்றார்கள். மீதி 24 பேருக்கு, 84 கிலோவுக்கு 190 வீதம் 15,960 ரூபாய் திருப்பினேன். பணம் வரும்போது பேமெண்ட் கேட்வே பிடித்துக்கொண்ட 2 சதவீதமும் அதற்கு ஜிஎஸ்டியும் திரும்பி வராது. 377 ரூபாய் என் கைக்காசு போனது. நான் கட்டியதிலேயே மலிவான படிப்புக் கட்டணம் அது.

அந்தப் பதினொரு பேரும் இன்றுவரை வாங்குகிறார்கள்.

இலவச டெலிவரி என்ற பொறி

பெரிய நிறுவனங்களைப் பார்த்து நானும் "டெலிவரி இலவசம்" என்று போட்டிருந்தேன். ஆண்டு முடிவில் கணக்கைப் பார்த்தால் தலை சுற்றியது. மாப்பிள்ளை சம்பா அரிசி ஒரு கிலோ 120 ரூபாய்க்கு விற்றேன். ஒரு கிலோ அரிசிக்கு 1.6 கிலோ நெல். அந்த நெல்லை அப்படியே விற்றிருந்தாலே 51 ரூபாய். மில் கூலியும் வண்டியும் 5, சலிக்கப் புடைக்க 4, பையும் அட்டைப் பெட்டியும் 8, கேட்வே 3. ஐந்து கிலோ பார்சலுக்கு கூரியர் 220, அதாவது கிலோவுக்கு 44. கூட்டினால் 115. கையில் நின்றது 5 ரூபாய். என் உழைப்பும் என் மனைவியின் உழைப்பும் அந்த ஐந்து ரூபாய்க்குள் அடக்கம்!

கூரியரில் இன்னொரு சங்கதி உண்டு. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். அந்த எண் உண்மையான எடையைவிடக் கூடுதலாக இருந்தால் அதற்குத்தான் கட்டணம். அவல், பொரி அனுப்புகிறவர்கள் கவனியுங்கள். காற்றுக்குக் காசு கட்டுவோம்.

இப்போது ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பிலோ ஒரே தெருவிலோ இருப்பவர்களைச் சேர்த்து வாங்கச் சொல்கிறேன். ஆர்டர் கடையில் தனித்தனியாக வரும், சரக்கு லாரி பார்சலில் ஒன்றாகப் போகும். ஒரு வீட்டில் இறங்கும், அவரவர் எடுத்துக்கொள்வார்கள். கிலோவுக்கு 9 ரூபாயில் முடிகிறது. பெட்டிச் செலவும் 3 ஆகிவிட்டது. பணம் நேராக யு.பி.ஐ.-யில் வருவதால் கேட்வே செலவு இல்லை. விலையை 115 ஆகக் குறைத்தும் கிலோவுக்கு 43 ரூபாய் நிற்கிறது. தனியாகக் கேட்பவர்களிடம் கூரியர் கட்டணத்தை வெளிப்படையாகத் தனியே வாங்குகிறேன்.

காகித வேலை

நெல்லை நெல்லாக விற்கும்வரை நாம் உழவர். அரிசி, எண்ணெய், மாவு என்று பொட்டலமிட்டு விற்கத் தொடங்கினால் உணவு வணிகர். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேண்டும். அப்போதைய விதிப்படி, ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் என்பதால் நான் எடுத்தது அடிப்படைப் பதிவு, கட்டணம் அப்போது ஆண்டுக்கு 100 ரூபாய்தான். பொட்டலத்தில் பெயர், முகவரி, நிகர எடை, அடைத்த மாதம், விலை, தொடர்பு எண் இருக்க வேண்டும்.

"ஆர்கானிக்" என்று அச்சடிப்பதற்கு 2017-ல் தனி விதிகள் வந்துள்ளன. என்.பி.ஓ.பி. அல்லது பி.ஜி.எஸ். இந்தியா சான்றுதான் அதற்கு அடிப்படை. நேரடியாக விற்கும் சிறு உற்பத்தியாளருக்கு விலக்கு உண்டு என்றாலும், தெரியாத முகத்துக்கு இணையத்தில் விற்கும்போது சான்று இருப்பது நல்லது. பி.ஜி.எஸ். முறையில் ஐந்து உழவர்கள் சேர்ந்தாலே குழு அமைக்கலாம். ஒருவர் வயலை மற்றவர் பார்த்துச் சான்று சொல்வது நம் இயக்கத்துக்குப் புதிதா என்ன!

2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பொட்டலமிட்டுப் பெயர் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. வெளி மாநிலத்துக்கு அனுப்புவதென்றால் பதிவு விதிகள் மாறும். பெங்களூருக்கு முதல் பொட்டலம் கட்டும் முன் ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

வங்கிக்காரனாக ஓர் எச்சரிக்கை. "ராணுவ முகாமிலிருந்து பேசுகிறேன், 200 கிலோ அரிசி வேண்டும், பணம் அனுப்ப இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யுங்கள்" என்று எனக்கே அழைப்பு வந்தது. பணம் வாங்க ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் நம்பர் போடவும் வேண்டாம். பின் போட்டால் பணம் போகும், வராது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

என் கடை பெரியது அல்ல. மாதம் நூறு குடும்பம் வாங்குகிறது. இந்த மூன்று ஏக்கருக்கு அது போதும். இணையம் நமக்கு ஒரு சந்தைத் திடல்தான். அங்கே வியாபாரியாக உட்காரப் போகிறோமா, உழவராக உட்காரப் போகிறோமா என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். கடை போடுகிறவர்கள் முதல் நாளே இருப்புக் கட்டத்தை நிரப்பி வையுங்கள். அது காலியானால், "தீர்ந்துவிட்டது, அடுத்த அறுவடைக்கு வாருங்கள்" என்று எழுதுங்கள். அப்படி எழுதியபின்தான் என்னை நம்பி வாங்குகிறவர்கள் கூடினார்கள்.