ஹாலிபாக்ஸ் நகரமும் அதன் துணிச் சந்தையும்

ஆங்கில நாட்டின் வடபால், யார்க்ஷயரின் மேற்கு மலைப்புறத்தே அமைந்த பழைய சந்தை நகரம் ஹாலிபாக்ஸ். வளமான நிலம் வாய்த்த ஊர்கள் தானியத்தாலும் கால்நடையாலும் சந்தை கண்டன. இவ்வூருக்கோ அப்பேறு இல்லை. மேட்டு நிலத்தில் ஓட்ஸ் தவிர வேறு பயிர் செழிப்பது அரிது. ஆனால் மலையோடைகளின் உப்பற்ற மென்னீர் கம்பளியை அலசுவதற்கும் சாயமிடுவதற்கும் மிக ஏற்றது. ஆகவே குடும்பங்கள் சிறிது நிலமும் ஓரிரு கால்நடைகளும் வைத்துக்கொண்டு, வீட்டிலேயே தறியிட்டுப் பிழைத்தன. சிறுவர் கம்பளி மயிரைச் சீவிக் கொடுப்பர், பெண்டிர் நூற்பர், ஆடவர் நெய்வர்.

1552-ஆம் ஆண்டில் பார்லிமெண்டு, கம்பளி மயிரை வாங்கி விற்கும் இடைத்தரகரைத் தடுத்து ஒரு சட்டம் செய்தது. நல்ல நோக்கமென்றே எவர்க்கும் தோன்றும். ஆனால் ஹாலிபாக்ஸ் நெசவாளனிடம் மொத்தமாக வாங்குதற்கு முதலில்லை, சுமப்பதற்குக் குதிரையுமில்லை. சிறிதளவே வாங்கி, ஐந்தாறு மைல் தலையிலும் முதுகிலும் சுமந்து வந்து, நெய்து விற்ற காசைக் கொண்டே மறுபடியும் வாங்க வேண்டியவன் அவன். தரகன் மறைந்ததும் இவன் தறியும் நின்றது. 1555-இல் இவ்வூர் வட்டாரத்திற்கு மட்டும் தனிச் சட்டத்தால் விலக்கு அளிக்கப்பட்டது. தரகர் ஏழை நெசவாளர்க்கே விற்க வேண்டும், செல்வர்க்கும் மறுவிற்பனை செய்வோர்க்கும் விற்கலாகாது என்பது நிபந்தனை. தரகனை விலக்குமுன் அவன் வேலையை ஏற்பவர் யார் என்று பார்க்க வேண்டுமென்பது சங்கக் கணக்குகளைப் பார்த்துப் பழகிய நமக்குப் புதிதன்று.

நெய்த துணியை நனைத்து, வெட்டவெளியில் மரச்சட்டங்களிற் கொக்கியிட்டு உலர்த்துவர். இரவில் திருடுவது எளிது. பதின்மூன்றரைப் பென்ஸ் மதிப்புள்ள பொருளைத் திருடிக் கையும் மெய்யுமாய்ப் பிடிபட்டவனைத் தலைவெட்டும் பொறிக்கு அனுப்பும் வழக்கம் 1650 வரை இங்கிருந்தது. கொடிய தண்டனையே. எனினும் உருப்படி ஒன்று போனால் ஒரு குடும்பத்தின் முதல் முழுவதும் போயிற்று என்பதையும் எண்ண வேண்டும்.

1779 ஜனவரி 1-இல் பீஸ் ஹால் திறக்கப்பட்டது. பீஸ் என்றால் தறியிலிருந்து அறுத்தெடுத்த முழு உருப்படி. நடுவே பரந்த முற்றம், சுற்றிலும் தூண்வரிசைகள், 315 அறைகள். சனிக்கிழமை தோறும் முற்பகலில் மணியடித்ததும் வியாபாரம் தொடங்கும். இரண்டு மணி நேரத்தில் மீண்டும் மணியடித்து முடியும். அதற்குள் விற்றாக வேண்டும். வணிகர் பலர் ஒரே வேளையில் கூடியிருந்தமையால் விலையை ஒப்பிட்டுக் கேட்க நெசவாளனுக்கு இடமிருந்தது. வீட்டு வாயிலில் தனியொரு வியாபாரியிடம் விற்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பது நம் கருத்து.

ஆயினும் இந்நிலை நெடுங்காலம் நீடிக்கவில்லை. நீராவி ஆலைகள் பெருகின. ஆலை முதலாளிகள் வணிகர்க்கு நேராகவே விற்றனர். அறைகள் ஒவ்வொன்றாக வெறுமையாயின. கிராஸ்லி குடும்பத்தாரின் டீன் கிளஃப் கம்பள ஆலை உலகின் மிகப் பெரிய ஆலைகளுள் ஒன்றாக வளர்ந்தது. 1980-களின் தொடக்கத்தில் அதுவும் மூடப்பட்டது.

பீஸ் ஹால் 1868-இல் நகரசபையின் கைக்கு வந்தது. 1871 முதல் ஏறக்குறைய நூறாண்டு காலம் அது காய்கறி, பழங்களின் மொத்தச் சந்தையாக விளங்கிற்று. பின்னர்ப் பழுதுபார்க்கப்பெற்று, 2017 ஆகஸ்டில் மீண்டும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அறைகளில் இப்போது சிறு கடைகளும் சிற்றுண்டிச் சாலைகளும் உள்ளன.