'இதா': திடுக்கிடலைச் சொல்லும் ஒரு சொல்

மூஸா (அலை) அவர்கள் கைத்தடியைக் கீழே போட்ட நிகழ்வைக் கூறும் திருக்குர்ஆன் (20:20), தடி பாம்பாக 'மாறியது' என்ற வினையைப் பயன்படுத்தவில்லை. போட்டார் என்றதும் 'ஃப இதா' என்றொரு சொல். அடுத்து, அது ஊர்ந்தோடும் பாம்பு என்னும் செய்தி. இந்த 'இதா'வைத் தமிழில் 'உடனே' என்று பெயர்ப்பது எளிது. ஆனால் 'உடனே' விரைவை மட்டுமே உணர்த்தும். கண்டவரின் திடுக்கிடல் அதில் இல்லை.

நஹ்வு நூலார் இதனை 'இதா அல்ஃபுஜாஇய்யா' என்பர். ஃபுஜாஅத் என்பது எதிர்பாராது வந்தெதிர்ப்படுதல். திருக்குர்ஆனில் 13 இடங்களில் வரும் 'பஃக்தத்தன்' என்ற சொல்லுக்கும் 'திடீரென்று' என்றே பொருள். எனினும் அது நிகழ்ச்சி வரும் விதத்தைச் சொல்வது. 'இதா'வோ காண்பவர் பக்கம் நின்று பேசுகிறது. பேச்சின் தொடக்கத்தில் அது வராது; அதன்பின் வருவது பெயர்ச்சொல்லில் தொடங்கும் வாக்கியமே. "வெளியே வந்தேன், பார்த்தால், வாசலில் சிங்கம்" என்பது மாணவர்க்குச் சொல்லப்படும் பழைய எடுத்துக்காட்டு.

இந்தச் சிறு சொல்லை ஒட்டி ஒரு பெரும் வழக்கே நடந்துள்ளது. பஸராவின் ஸீபவைஹியும் கூஃபாவின் கிஸாயீயும் அமைச்சர் யஹ்யா இப்னு காலித் அல்பர்மகீயின் முன்னிலையில் பக்தாதில் வாதிட்டனர். குளவியைவிடத் தேளின் கொட்டே கடுமை என எண்ணியிருந்தேன். பார்த்தால், இதுவும் அதுவே என்ற வாக்கியத்தில், 'இதா'வுக்குப் பின்வரும் 'அதுவே' எழுவாய் வேற்றுமையில் மட்டுமே நிற்கும் என்றார் ஸீபவைஹி. செயப்படுபொருள் வடிவமும் செல்லும் என்றார் கிஸாயீ. அழைக்கப்பட்ட நாட்டுப்புற அரபியர் கிஸாயீயின் பக்கமே பேசினர். அவர்கள் கையூட்டுப் பெற்றனர் என்றும் ஒரு கூற்று உண்டு. மனமுடைந்து பாரசீகம் திரும்பிய ஸீபவைஹி ஹிஜ்ரி 180 அளவில் காலமானார் என்பர். ஹிஜ்ரி 761இல் மறைந்த இப்னு ஹிஷாம், தம் 'முஃக்னில் லபீப்' நூலில், ஸீபவைஹியின் விடையே சரி எனத் தீர்ப்பளிக்கிறார். அதற்குச் சான்றாக அவர் காட்டும் வசனங்களுள் மேற்சொன்ன பாம்பு வசனமும் ஒன்று.

நாம் மேலே இட்ட 'பார்த்தால்' என்ற தமிழ்ச் சொல்லைக் கவனிக்க வேண்டும். கொல்லிமலை வளப்பூர் நாட்டில் ஆகாய கங்கைக்குப் படியிறங்கிப் போய் வந்தவர், "கடைசித் திருப்பம் திரும்பினேன், பார்த்தால், கண்ணெதிரே அருவி!" என்பார். அருவி 'தோன்றியது' என்று சொல்லமாட்டார். வடிவத்தில் இது நிபந்தனைச் சொல். பொருளிலோ நிபந்தனை இல்லை. அரபியிலும் 'இதா'வின் பெருவழக்கு 'போது, ஆனால்' என்னும் நிபந்தனைப் பொருளே. இரு மொழிகளும் ஒரே வழியில் வந்திருப்பது வியப்புக்குரியது. பேச்சுவழக்குச் சொல் என்று இதனை மொழிபெயர்ப்பாளர் ஒதுக்குவது நமக்கு உடன்பாடன்று.

அர்ரூம் அத்தியாயத்தின் 36ஆம் வசனத்தில் இரு 'இதா'க்களும் உள்ளன. மனிதர்க்கு அருளைச் சுவைக்கச் செய்யும்போது மகிழ்கின்றனர் என்பதில் முதலாவது, அது நிபந்தனை. தம் கைகள் முற்படுத்தியவற்றால் தீங்கு நேர்ந்தால் என்பதற்குப் பின் இரண்டாவது. அங்கே 'உடனே நிராசை அடைகின்றனர்' என்றால் காலக் கணக்கு மட்டுமே கிட்டும். சற்றுமுன் மகிழ்ந்து நின்றவர்கள்தாம். பார்த்தால், நம்பிக்கையற்றுக் கிடக்கிறார்கள்.