நண்பர் வாங்கிய கடன்: ஜாமீன் போட்டவர் சம்பளம் ஜப்தி!

சென்னை,-

கடன் வாங்கியவர் ஊரை விட்டே போய் விட்டார். ஜாமீன் கையெழுத்து போட்டவர் வீட்டு வாசலில் கோர்ட்டு அமீனா நிற்கிறார்!

ஆபீஸ் குமாஸ்தாக்கள் பலர் இப்படி மாட்டிக்கொண்டு முழிக்கிறார்கள். கூட வேலை பார்ப்பவர் டீக்கடையில் வைத்து பேப்பரை நீட்டுவார். "சும்மா ஒரு கையெழுத்து சார், பேருக்குத்தான்" என்பார். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? படித்துப் பார்க்காமலே போட்டு விடுகிறார்கள்.

பேருக்கு ஜாமீன் என்று ஒன்று சட்டத்தில் கிடையாது. 1872-ம் ஆண்டு ஒப்பந்த சட்டப்படி, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. கடன் வாங்கியவர் செத்துப் போனாலும் இவர் தப்ப முடியாது.

"முதலில் அவனைக் கேள்"

"முதலில் அவன் சொத்தை விற்று எடுங்கள், அப்புறம் என்னிடம் வாருங்கள்" என்று சொன்னாலும் எடுபடாது. பீகாரில் ஒரு வங்கி தொடர்ந்த வழக்கில், 1968-லேயே சுப்ரீம் கோர்ட்டு இதை அடித்துச் சொல்லி விட்டது. யாரைப் பிடிப்பது லேசோ அவரைப் பிடிக்கலாம். மாதச் சம்பளக்காரர்தான் லேசு! ஆபீஸ் விலாசம் தெரியும், சம்பள தேதி தெரியும், ஓடவும் மாட்டார்.

சம்மன் வந்தால் வாங்காமல் ஒளிந்து கொள்வது இன்னொரு பைத்தியக்காரத்தனம். ஆள் வராவிட்டால் கோர்ட்டு ஒருதலைப்பட்சமாக தீர்ப்பு சொல்லி விடும். அதை ரத்து செய்ய 30 நாளுக்குள் மனு போட வேண்டும்.

எவ்வளவு பிடிப்பார்கள்?

சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயைத் தொடக் கூடாது. மீதியில் மூன்றில் ஒரு பங்கைத்தான் ஜப்தி செய்யலாம். விலக்கு உள்ள படிகள் போக சம்பளம் 31 ஆயிரம் என்றால், மாதம் 10 ஆயிரம் போய் விடும். வீட்டு வாடகையும் பிள்ளைகள் பீசும் மிச்சத்தில்தான். ஒரே தீர்ப்புக்கு மொத்தம் 24 மாதம் வரைதான் இப்படி சம்பளத்தைப் பிடிக்கலாம். அதற்கு மேலும் பாக்கி இருந்தால் வீடு, மனை என்று கை வைப்பார்கள்.

உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, பெண்களின் தாலி, பிராவிடண்டு பண்டு இவற்றைத் தொட முடியாது.

ஜெயில் உண்டா?

பணம் இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவரை 3 மாதம் வரை சிவில் ஜெயிலில் வைக்கலாம். வெளியே வந்தாலும் கடன் அப்படியே இருக்கும்! நிஜமாகவே கையில் காசு இல்லாத ஏழையை அடைக்கக் கூடாது என்று 1980-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பு சொன்னார். பணக் கடன் தீர்ப்புக்காக பெண்களைக் கைது செய்யவே முடியாது.

பத்திரம் தராமல் காசோலை கொடுத்து, அது பணமில்லாமல் திரும்பி வந்தால் அது கிரிமினல் கேஸ். நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் பணம் தராவிட்டால் வழக்கு தொடரலாம். தண்டனை 2 வருஷம் வரை போகும்.

இதெல்லாம் போக, ஜாமீன் போட்ட கடன் அவருடைய சிபில் கணக்கிலும் ஏறும். தன் மகள் கல்யாணத்துக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போதுதான் பலருக்கு விஷயமே தெரிகிறது.

கடனைக் கட்டிய ஜாமீன்தாரர், கடன் வாங்கியவர் மேல் வழக்கு போட்டு அந்தப் பணத்தை வசூல் செய்யலாம். அவர் அடகு வைத்த பொருள் வங்கியில் இருந்தால், அதில் உள்ள உரிமையும் இவருக்கு வரும். கட்டிய ரசீதை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஓடிப் போன ஆளின் விலாசத்தையும் இவர்தான் தேட வேண்டும்!