பெலிந்தா கேட்ட பங்கு

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் மாநகருக்கு அண்மையில் உள்ள மெட்ஃபோர்டு என்னும் ஊரில், மூன்றடுக்கு மாளிகை ஒன்று இன்றும் எழிலுடன் நிற்கின்றது. அதற்குச் சில அடி தொலைவிலேயே வேறொரு கட்டடமும் உண்டு. முன்னது ஐசக் ராயல் குடும்பத்தாரின் இல்லம். பின்னது அவர்களுடைய அடிமைகளின் இருப்பிடம்.

அடிமை முறை என்றதும் அமெரிக்காவின் தென்பகுதிப் பருத்தி வயல்களே நம் நினைவுக்கு வரும். ஆனால், கல்விக்கும் பக்திக்கும் பெயர்பெற்ற வடபகுதியிலும் அக்கொடுமை நிலவியது. அண்டிகுவாத் தீவில் கரும்புத் தோட்டம் நடத்தியும், அடிமை வாணிபம் செய்தும் செல்வம் குவித்த மூத்த ஐசக் ராயல், 1732-இல் இப்பண்ணையை வாங்கினார். 1737-இல் அவர் குடும்பத்தோடு குடியேறியபோது, குறைந்தது 27 அடிமைகளையும் உடன் கொணர்ந்தார்.

விருந்துகளுக்குப் புகழ்பெற்றது அம்மாளிகை. அவ்விருந்துகளைச் சமைத்தவர் யார்? அடுப்பு மூட்டியவர், நீர் சுமந்தவர், ஆடை வெளுத்தவர், குழந்தைகளைப் பேணியவர், வயலில் உழைத்தவர் யாவர்? கூலி என்பதையே அறியாத அம்மக்கள்தாம். அவர்களுள் சிலர் தனிக் கட்டடத்திலும், சிலர் மாளிகைக்குள்ளேயும் உறங்கினர். சொத்துப் பட்டியலிலோ, தட்டுமுட்டுச் சாமான்களோடு அவர்களுக்கும் விலை குறிக்கப்பட்டது!

அவர்களுள் ஒருவரே பெலிந்தா. ஆப்பிரிக்காவில் பெற்றோரின் கரம் பற்றி வழிபாட்டில் நின்றிருந்த வேளையில், 12 வயதும் நிரம்பாத அச்சிறுமி கடத்தப்பட்டாள். பின்னர் ஐம்பது ஆண்டுகள் ராயல் குடும்பத்திற்கே உழைத்தாள். 1775-இல் அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கும் தறுவாயில், இளைய ஐசக் ராயல் ஊரைவிட்டு ஓடினார். அவருடைய சொத்துக்களை அரசு கைப்பற்றியது.

1783-இல் முதுமையும் வறுமையும் வாட்ட, நோயுற்ற மகளையும் உடன் வைத்துக்கொண்டு, பெலிந்தா மாநில மன்றத்திற்கு மனுச் செய்தார். அவர் பிச்சை கேட்கவில்லை. அப்பெருஞ்செல்வத்தில் ஒரு பகுதி தம் உழைப்பால் விளைந்தது. அதில் தமக்கும் பங்கு வேண்டும் என்றே கேட்டார். ஆண்டுக்கு 15 பவுன் 12 ஷில்லிங் வழங்க மன்றம் ஆணையிட்டது. ஆயினும் அத்தொகை ஒழுங்காகக் கிடைக்கவில்லை. 1793 வரை அம்மூதாட்டி மீண்டும் மீண்டும் மனுச் செய்ய நேர்ந்தது.

இளைய ராயல் எழுதிவைத்த கொடையைக் கொண்டு 1815-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர் பதவி நிறுவப்பட்டது. அக்குடும்பத்தின் கோதுமைக் கதிர்க்கட்டுச் சின்னமே பின்னாளில் அதன் சட்டக் கல்லூரிக்கும் சின்னமாயிற்று. 2016-இல்தான் அது கைவிடப்பட்டது. கொடையாளியின் பெயர் நிலைத்தது. உழைத்தவர்களின் பெயர்களோ மறைந்தன.

அன்பார்ந்த வாசகர்களே, ஒரு வீட்டின் பெருமையை அறிய விரும்புவோர் அதன் முன்வாசலில் நின்றுவிடலாகாது. அடுக்களைப் பக்கமும் சென்று, அங்கே உழைப்பவரின் பெயர் என்ன, அவருக்கு உரியது உரிய காலத்தில் கிடைத்ததா என்று கேட்க வேண்டும். நம் வீட்டிலும் அவ்வாறு கேட்டுப் பார்ப்போமா?