பணியாளர் வளக் குழுக்களும் பணியிடக் கொடையும்

பணியாளர் வளக் குழு என்பது ஒரு நிறுவனத்தில் ஒத்த பின்னணியோ வாழ்க்கைச் சூழலோ கொண்ட ஊழியர்கள் தாமாக முன்வந்து அமைத்துக்கொள்ளும் குழுவாகும். பெண்கள், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர்கள், சிறுபான்மை இனத்தவர் எனப் பலரும் இவ்வாறு திரள்வதுண்டு. இது தொழிற்சங்கம் அன்று. ஊதியப் பேச்சுவார்த்தை இதன் வேலையில்லை.

வரலாறு

1964 ஜூலையில் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் இனக் கலவரம் மூண்டது. நகலெடுப்பதற்கே பெயராகிவிட்ட ஜெராக்ஸ் நிறுவனம் அந்நகரைச் சேர்ந்தது. அதன் தலைவர் ஜோசப் வில்சன் கறுப்பினத்தவரைக் கூடுதலாக வேலைக்கு எடுக்க முனைந்தார். சேர்ந்த பின்னும் பாகுபாடு நீடித்ததால் அவ்வூழியர்கள் ஒன்றுகூடினர். 1970இல் உருவான அவர்களது குழுவே இவ்வகையில் முதலாவது எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. சமூகப் பணிக்குச் செல்லும் ஊழியருக்குச் சம்பளத்துடன் நீண்ட விடுப்பளிக்கும் திட்டத்தையும் அந்நிறுவனம் 1971இல் தொடங்கியது. ஊழியர் தரும் நன்கொடைக்கு நிறுவனமும் இணைத்தொகை தரும் முறை அதற்கு முன்பே, 1954இல், ஜெனரல் எலக்ட்ரிக்கில் வந்துவிட்டது.

கொடையில் குழுவின் பங்கு

மனிதவளத் துறை அனுப்பும் சுற்றறிக்கையைப் பலர் படிப்பதே இல்லை. பக்கத்து மேசைக்காரர் கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் குழுவின் பெரிய பயன் வசூல் அன்று, விவரம் தெரிந்திருப்பது. பார்வையற்றோர் பள்ளிக்கு ஒரு நிறுவனம் பத்துக் கணினிகள் வழங்குவதாக வைத்துக்கொள்வோம். திரைவாசிப்பு மென்பொருள் இல்லாவிட்டால் அவை வெறும் பெட்டிகள்தாம். என்விடிஏ போன்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கும். அங்கே தேவைப்படுவது பணமன்று. அதை நிறுவி, சில வாரங்கள் உடனிருந்து கற்றுத்தரும் ஆள். பார்வையற்ற ஊழியர் ஒருவர் திட்டமிடும்போதே அருகில் இருந்தால் இதை முதல் நாளே சொல்லிவிடுவார். படம் எடுத்துக்கொண்டு திரும்பும் ஒருநாள் சேவையைவிட இது பலமடங்கு மேலானது.

சிக்கல்கள்

குழுப் பணி பெரும்பாலும் வழக்கமான வேலைக்கு மேல் ஊதியமின்றிச் செய்யப்படுகிறது. வேலை நேரத்தில் சில மணியும் சிறு நிதியும் ஒதுக்காமல் "நீங்களே நடத்துங்கள்" என்பது பாரத்தை அவர்கள் தலையில் ஏற்றுவதாகும். யார் எவ்வளவு தந்தார் என்று பட்டியல் ஒட்டுவதும் கூடாது. கொடை அப்போது வரியாகிவிடும்.

இந்தியாவில்

2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்தரும் செலவு இதில் சேராது. எனவே குழு தன் உறுப்பினர்களுக்காக அத்தொகையைக் கோர முடியாது. எந்தப் பள்ளிக்கு, எந்த ஊருக்கு அது போக வேண்டும் என்று இயக்குநர் குழுவிடம் எடுத்துச்சொல்ல முடியும்.