மகளின் கடிதம் வந்தது, மகள் வரவில்லை!

1928-ம் ஆண்டு, அக்டோபர் மாதம்.

ஜாக்ரெப் நகரத்து ரெயில் நிலையம். இன்று அந்த நகரம் குரோவேஷியா நாட்டின் தலைநகர். அன்று யுகோஸ்லாவியாவைச் சேர்ந்திருந்தது.

ரெயிலில் 18 வயதுப் பெண் ஒருத்தி. அவளை வழியனுப்ப வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் தாயார். மற்றொருவர் அக்காள்.

ரெயில் புறப்பட்டது. தாயும் மகளும் பிரிந்தார்கள்.

அவர்கள் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்தது அதுவே கடைசித் தடவை. அதற்குப் பிறகு அந்தத் தாயார் ஏறக்குறைய 44 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். மகளும் உயிரோடு இருந்தார். கடிதம் போயிற்று, கடிதம் வந்தது. ஆனால் முகத்தை முகம் பார்க்க வழி பிறக்கவில்லை!

அந்தப் பெண்ணை உலகம் முழுவதும் அறியும். அவர்தான் அன்னை தெரசா. ஆனால் அந்த அன்னையைப் பெற்ற அன்னையை அறிந்தவர்கள் குறைவு. இது அவருடைய கதை.

வீட்டுக்கு ஒரு மொட்டு

தாயாரின் பெயர் டிரானாபிலே. அல்பேனிய இனத்தவர். குடியிருந்தது ஸ்கோப்ஜே என்ற ஊரில். இன்று அது வடக்கு மாசிடோனியா நாட்டின் தலைநகர்.

அவருக்கு மூன்று குழந்தைகள். மூத்தவள் ஆகா. அடுத்தவன் லாசர். கடைக்குட்டி ஆக்னஸ். ஆக்னஸ் பிறந்தது 1910-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி. வீட்டில் அவளைக் 'கோன்ஜா' என்று செல்லமாக அழைத்தார்கள். அல்பேனிய மொழியில் அதற்கு 'மொட்டு' என்று பொருள்.

தகப்பனார் வியாபாரி. வசதியான குடும்பம். ஆனால் 1919-ம் ஆண்டில் தகப்பனார் திடீரென்று இறந்து போனார். ஆக்னசுக்கு அப்போது 8 வயது. வியாபாரம் கைவிட்டுப் போயிற்று. குடியிருந்த வீடு மட்டும் மிஞ்சியது.

தாயார் சில காலம் துக்கத்தில் மூழ்கிக் கிடந்தார். பிறகு துணிந்து எழுந்தார். துணியும், பூவேலை செய்த துணிகளும் விற்கத் தொடங்கினார். அந்த வருமானத்தில் மூன்று பிள்ளைகளையும் வளர்த்தார்.

கையில் காசு குறைந்த பிறகும் அந்த வீட்டில் ஒரு வழக்கம் மாறவில்லை. சாப்பாட்டு வேளையில் யாராவது ஓர் ஏழை வந்து உட்கார்ந்திருப்பார். 'இவர்கள் யார்?' என்று பிள்ளைகள் கேட்பார்கள். 'சிலர் நமக்குச் சொந்தக்காரர்கள். ஆனால் எல்லோருமே நம்மவர்கள்தாம்' என்பது தாயாரின் பதில்.

கண்டிப்பும் உண்டு. ஒரு நாள் இரவு பிள்ளைகள் மூவரும் வீண் அரட்டை அடித்துக் கொண்டிருந்தார்கள். தாயார் பேசாமல் கேட்டுக் கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய் விளக்கை அணைத்து விட்டார்! வெட்டிப் பேச்சுக்கு மின்சாரம் எதற்கு என்று கேட்டாராம்.

அதே ஊரில் பிலே என்று ஒரு பெண் இருந்தாள். குடிப்பழக்கத்தால் கெட்டுப் போனவள். உடம்பெல்லாம் புண். சொந்தக்காரர்களே ஒதுக்கி விட்டார்கள். தாயார் அவள் வீடு தேடிப் போவார். புண்களைக் கழுவி விடுவார். சோறும் கொடுப்பார். கூடவே சின்ன மகள் ஆக்னசும் போவாள்.

பிலேயின் பெயர் பிறகு ஒரு கடிதத்தில் வரும்.

மூடிய கதவு

அந்தக் காலத்தில் யுகோஸ்லாவியப் பாதிரிமார் சிலர் நம் வங்காளத்தில் ஊழியம் செய்து வந்தார்கள். அவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களை ஸ்கோப்ஜே மாதா கோவிலில் படித்துக் காட்டுவார்கள். ஆக்னஸ் அதை ஆவலோடு கேட்பாள். கேட்கக் கேட்க அவள் மனம் வங்காளத்துக்கே போய் விட்டது.

18 வயதானதும் தாயாரிடம் சொன்னாள். கன்னியாஸ்திரீ ஆகப் போவதாகவும், இந்தியாவுக்குப் போகப் போவதாகவும் சொன்னாள்.

தாயார் பதில் பேசவில்லை. தம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் கொண்டார். ஒரு நாள் முழுவதும் கதவு திறக்கவில்லை.

பெற்ற மனம் அல்லவா? கணவரை இழந்தவர். மகன் படிப்புக்காக வெளியூர் போய், ராணுவத்தில் சேர்ந்து விட்டான். இப்போது கடைக்குட்டியும் போகிறேன் என்கிறாள். அதுவும் அடுத்த ஊருக்கு அல்ல, கடல் கடந்து! அந்தக் காலத்தில் அப்படிப் போன கன்னியாஸ்திரீகள் ஊர் திரும்புவது மிகவும் அபூர்வம். அது தாயாருக்குத் தெரியும்.

மறுநாள் கதவு திறந்தது. தாயார் சம்மதம் கொடுத்தார். கடவுளின் கையைப் பிடித்துக்கொள், வழி முழுவதும் அந்தக் கையை விடாதே என்று புத்தி சொல்லி அனுப்பினார்.

அண்ணன் லாசருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. தெரிந்துதான் செய்கிறாயா என்று கேட்டுத் தங்கைக்கு எழுதினார். அவர் அப்போது அல்பேனிய அரசரின் படையில் அதிகாரி. தங்கை சளைக்கவில்லை. நீ ஒரு சிறு நாட்டின் அரசருக்கு ஊழியம் செய்கிறாய், நான் உலகத்துக்கே அரசருக்கு ஊழியம் செய்யப் போகிறேன் என்ற கருத்தில் பதில் போட்டாள்.

சென்னையைக் கண்டாள்

ஜாக்ரெப்பில் ரெயில் ஏறிய ஆக்னஸ், அயர்லாந்து நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே லொரேட்டோ கன்னியர் மடத்தில் சில வாரம் தங்கி ஆங்கிலம் கற்றாள். டிசம்பர் மாதம் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினாள்.

கப்பல் கொழும்பு வழியாகச் சென்னைக்கு வந்தது. இந்திய மண்ணில் அவள் முதலில் கண்ட நகரம் நம் சென்னைதான். தெருவோரத்தில் ஓலைப் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாகப் படுத்துக் கிடந்த ஏழைகளைக் கண்டாள். திடுக்கிட்டுப் போனாள். தன் நாட்டுக் கத்தோலிக்கப் பத்திரிகைக்கு அதைப் பற்றி எழுதி அனுப்பினாள்.

1929-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி கல்கத்தா போய்ச் சேர்ந்தாள். பிறகு டார்ஜிலிங்கில் பயிற்சி. 1931-ல் முதல் விரதம் எடுத்துக் கொண்டு, தெரசா என்ற பெயரை ஏற்றார். கல்கத்தாவில் உள்ள செயின்ட் மேரீஸ் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை ஆனார்.

தாயார் எழுதிய கடிதம்

இதற்கிடையே மூத்த மகள் ஆகா, அல்பேனியாவின் தலைநகரான திரானாவில் குடியேறினார். 1930-களில் தாயாரும் ஸ்கோப்ஜேயை விட்டு அங்கே போனார்.

திரானாவுக்குக் கல்கத்தாவிலிருந்து கடிதம் வரும். தாயார் ஆவலோடு படிப்பார்.

ஒரு கடிதத்தில் மகள் சந்தோஷச் செய்தி எழுதியிருந்தார். வேலை பிடித்திருக்கிறது, பள்ளிக்கூடம் முழுவதற்கும் தாமே தலைமை, எல்லோரும் தம்மிடம் அன்பாக இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார்.

எந்தத் தாயாக இருந்தாலும் இந்தச் செய்தியை அக்கம்பக்கத்தில் சொல்லிப் பூரித்துப் போவாள். ஆனால் இந்தத் தாயார் எழுதிய பதில் வேறு விதமாக இருந்தது.

நீ இந்தியாவுக்குப் போனது ஏழைகளுக்காக. அதை மறந்து விடாதே என்று எழுதினார். பிலேயை நினைவிருக்கிறதா என்று கேட்டார். உடம்பு முழுவதும் இருந்த புண்ணை விட, உலகத்தில் தான் தனியாகி விட்டோம் என்பதே பிலேயை அதிகமாக வருத்தியது என்று நினைவூட்டினார்.

அந்தக் கடிதத்தை மகள் மறக்கவில்லை.

1946-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி டார்ஜிலிங் போகும் ரெயிலில், ஏழைகளிடையே போய் வாழும்படி கடவுள் தம்மை அழைத்ததாக உணர்ந்தார். 1948-ல் மடத்தை விட்டு வெளியே வந்தார். நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலை உடுத்திச் சேரிக்குள் நுழைந்தார். 1950-ல் அன்பின் பணியாளர் சபை தொடங்கியது.

கல்கத்தாத் தெருக்களில் புண்ணோடு கிடந்தவர்களை எடுத்து வந்து கழுவினார். அந்த வேலையை அவர் முதலில் பார்த்தது பிலேயின் வீட்டில். கற்றுக் கொடுத்தவர் தாயார்!

பூட்டிய நாடு

1944-ல் அல்பேனியாவின் ஆட்சி என்வர் ஹோஜாவின் கைக்குப் போயிற்று. எல்லைகள் மூடப்பட்டன. வெளியார் உள்ளே போவதும், உள்ளே இருப்பவர் வெளியே வருவதும் அரிதாகி விட்டது. 1967-ல் மதத்துக்கே தடை. மாதா கோவில்களும் மசூதிகளும் மூடப்பட்டன.

லாசர் அப்போது இத்தாலியில் இருந்தார். அல்பேனிய அரசாங்கம் அவர் இல்லாமலே வழக்கு நடத்தி மரண தண்டனை விதித்தது. அவரும் ஊர் திரும்ப முடியாது. தாயாருக்கு ஆகா ஒருத்திதான் துணை.

1960-ல் அன்னை தெரசா முதல் தடவையாக இந்தியாவை விட்டு வெளிநாடு போனார். திரும்பும் வழியில், ரோம் நகரத்தில் அண்ணனைச் சந்தித்தார். 30 ஆண்டுகளுக்கு மேல் கழித்து நடந்த சந்திப்பு அது. இருவரும் கூடினார்கள். ஆனால் தாயார் இல்லை.

தாயாருக்கு வயதாகிக் கொண்டே போயிற்று. சாவதற்குள் லாசரின் குடும்பத்தையும் மகளையும் ஒரு தடவை பார்த்து விட வேண்டும். அது ஒன்றுதான் ஆசை என்று மகனுக்கு எழுதினார்.

தாயாரையும் ஆகாவையும் வெளியே கொண்டு வர அண்ணனும் தங்கையும் பாடுபட்டார்கள். அன்னை தெரசா ரோமில் உள்ள அல்பேனியத் தூதரகத்துக்கே நேரில் போய் மன்றாடினார். செல்வாக்கு உள்ளவர்கள் பலர் பரிந்து பேசினார்கள். அனுமதி கிடைக்கவில்லை.

அவரே அல்பேனியாவுக்குள் போனால் என்ன? உள்ளே போக வழி கிடைக்கலாம், ஆனால் திரும்பி வர விடுவார்கள் என்பதற்கு உறுதி இல்லை என்று அவருக்குத் தெரிய வந்ததாக வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் சொல்லுகிறார்கள்.

ஒரு பக்கம் பெற்ற தாய். மறு பக்கம் அவரையே நம்பிக் கிடக்கும் நோயாளிகள், அனாதைக் குழந்தைகள், சபையின் சகோதரிகள். போனால், அவர்களிடம் திரும்பி வர முடியாமலே போகலாம்.

அவர் போகவில்லை.

யாரோ பெற்ற தாய்மார்கள் சாகும்போது பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக் கொண்டவர் அவர். தம்மைப் பெற்ற தாயின் பக்கத்தில் இருக்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

1972-ம் ஆண்டு ஜூலை 12-ந் தேதி தாயார் திரானாவில் காலமானார். செய்தி மட்டும்தான் மகளுக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஆகாவும் இறந்து போனார்.

1979-ல் அன்னை தெரசாவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆஸ்லோ நகரத்தில் நடந்த விழாவுக்கு அண்ணன் லாசர் வந்திருந்தார். பார்த்து மகிழத் தாயார் இல்லை. இரண்டு ஆண்டுகளில் லாசரும் கண் மூடினார்.

கதவு திறந்தது

1985-ல் ஹோஜா இறந்தார். 1989-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அன்னை தெரசா அல்பேனியா வருவதற்கு அனுமதி கிடைத்தது. அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 79.

திரானாவில் தாயாரின் கல்லறைக்குப் போனார். மலர் வைத்தார். அக்காளின் கல்லறையிலும் மலர் வைத்தார். ஹோஜாவின் கல்லறைக்கும் போய் மலர் வைத்தார். தாயைப் பார்க்க விடாத ஆட்சியின் தலைவருக்கும் அவர் மலர் வைத்ததைக் குறித்து வியந்தவர்கள் உண்டு. குறை கூறியவர்களும் உண்டு.

1991-ல் திரானாவில் அவருடைய சபையின் இல்லம் திறக்கப்பட்டது. தாயார் ஸ்கோப்ஜேயில் பிலேக்குச் செய்த வேலை, தாயார் இறந்த ஊரிலே தொடங்கியது. 1997-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி அன்னை தெரசா கல்கத்தாவில் காலமானார். 2016-ல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

இன்று திரானாவுக்கு விமானத்தில் போகிறவர்கள், அங்கே இறங்கியதும் ஒரு பெயரைப் பார்க்கலாம். அந்த விமான நிலையத்துக்கு 'அன்னை தெரசா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

தாயார் உயிரோடு இருந்தவரை மகளால் வர முடியாத ஊர் அது!