நிலவில் மனிதன் இறங்கியது உண்மையா? அங்கே குடியிருக்க முடியுமா?

ஜூலை மாதம் வந்துவிட்டால் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு செய்திகள் சுற்றத் தொடங்கிவிடும். அமெரிக்கா நிலவுக்குப் போகவே இல்லை, ஸ்டுடியோவில் படம் பிடித்து உலகத்தை ஏமாற்றிவிட்டது என்பது ஒன்று. நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் பாங்கு சத்தம் கேட்டார், பிறகு எகிப்தில் அதே சத்தத்தைக் கேட்டு இஸ்லாத்தை ஏற்றுக்கொண்டார் என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே நபர் அனுப்புவதும் உண்டு. போகாத இடத்தில் பாங்கு எப்படிக் கேட்டது என்று யாரும் கேட்பதில்லை.

பள்ளியில் இயற்பியல் படிக்கும் நம் பிள்ளைகளும் அந்தக் குழுக்களில் இருக்கிறார்கள். அவர்கள் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். எனவே இந்த விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

1969 ஜூலை 20 அன்று அப்பல்லோ 11 நிலவில் இறங்கியது. பலருக்குத் தெரியாத செய்தி, அது ஒரே ஒரு பயணம் அல்ல என்பது. 1972 டிசம்பர் வரை ஆறு முறை இறங்கினார்கள்; மொத்தம் 12 பேர் நிலவில் நடந்தார்கள். இதெல்லாம் பொய் என்ற பேச்சைப் பரவலாக்கியது, 1976-ல் பில் கேசிங் என்ற அமெரிக்கர் தாமே வெளியிட்ட ஒரு புத்தகம். 2001-ல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி அதே வாதங்களை நிகழ்ச்சியாக்கியது. இன்று நமக்கு வரும் ஃபார்வர்டுகள் பெரும்பாலும் அந்த நிகழ்ச்சியின் மறுபதிப்புகளே.

காற்றே இல்லாத இடத்தில் கொடி எப்படி அசைந்தது என்பது முதல் கேள்வி. கொடி தொங்கிவிடக் கூடாது என்பதற்காக மேல் விளிம்பில் குறுக்குக் கம்பி வைத்திருந்தார்கள். கம்பத்தை மண்ணில் திருகி ஊன்றும்போது துணி ஆடியது. தடுப்பதற்குக் காற்று இல்லாததால் அந்த ஆட்டம் நிற்பதற்கும் கொஞ்ச நேரம் பிடித்தது. வானத்தில் நட்சத்திரங்கள் ஏன் இல்லை? வெயிலில் பளீரென்று தெரியும் தரையையும் வெள்ளை உடையையும் படம் எடுக்கும் அளவுக்குக் கேமராவை அமைத்தால், மங்கலான நட்சத்திரங்கள் அதில் பதியாது. இரவில் ஃப்ளட்லைட் வெளிச்சத்தில் நடக்கும் கிரிக்கெட் போட்டியைப் படம் எடுத்துப் பார்த்தாலே இது புரியும்.

கதிர்வீச்சு பற்றிய கேள்வி இவற்றைவிடக் கனமானது. பூமியைச் சுற்றி வான் ஆலன் பட்டைகள் என்ற கதிர்வீச்சு மண்டலம் இருக்கிறது. அதைத் தாண்டி மனிதன் உயிரோடு போக முடியாது என்கிறார்கள். அந்த மண்டலம் இருப்பது உண்மைதான். ஆனால் அப்பல்லோ கலங்கள் அதன் கடுமையான பகுதியைத் தவிர்த்து, சில மணி நேரத்தில் கடந்து போயின. வீரர்கள் கதிர்வீச்சை அளக்கும் கருவிகளை உடலில் அணிந்திருந்தார்கள். அவற்றில் பதிவான அளவு, நோய் உண்டாக்கும் அளவைவிட மிகக் குறைவு. எனினும் ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. 1972 ஆகஸ்டில் சூரியனிலிருந்து ஒரு பெரும் கதிர்வீச்சுப் புயல் கிளம்பியது. ஏப்ரலில் அப்பல்லோ 16 திரும்பியிருந்தது, அப்பல்லோ 17 டிசம்பரில்தான் கிளம்ப இருந்தது. இடையில் யாரும் அங்கே இல்லாததால் யாருக்கும் எதுவும் நேரவில்லை.

சரி, போனதற்கு ஆதாரம் என்ன? நிலவில் வைத்துவிட்டு வந்த லேசர் பிரதிபலிப்பான்களைப் பலர் காட்டுவார்கள். அது மட்டும் போதாது. ஏனென்றால் சோவியத் யூனியன் ஆள் இல்லாத வண்டிகளிலும் அப்படிப்பட்ட கருவியை அனுப்பி வைத்திருக்கிறது. நமக்கு வலுவாகப் படுவது கற்கள்தான். ஆறு பயணங்களிலும் சேர்த்து 382 கிலோ கல்லும் மண்ணும் வந்தன. அந்தக் கற்களின் மேல், விண்ணிலிருந்து வந்து மோதிய மிக நுண்ணிய துகள்கள் உண்டாக்கிய குழிகள் இருக்கின்றன. பூமியில் காற்று அந்தத் துகள்களைத் தடுத்துவிடுவதால் இங்குள்ள கல்லில் அப்படிக் குழி விழாது. அந்தக் கற்கள் பல நாட்டு ஆய்வுக்கூடங்களுக்கும் கொடுக்கப்பட்டன. எந்திரத்தை அனுப்பி எடுத்திருக்கலாமே என்றால், அன்று அதைச் செய்து காட்டியது சோவியத் யூனியன். 1970-ல் அவர்களுடைய லூனா 16 கொண்டுவந்தது சுமார் 100 கிராம் மண். 2020-ல் சீனாவின் சாங்இ 5 கொண்டுவந்ததே 2 கிலோவுக்கும் குறைவு.

அந்தச் சோவியத் யூனியன்தான் இதில் முக்கியமான சாட்சி. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் அது. அமெரிக்காவின் பொய்யை உலகத்துக்கு முன் அம்பலப்படுத்த ஒரு வாய்ப்புக் கிடைத்திருந்தால் மாஸ்கோ விட்டிருக்குமா? விண்வெளியைக் கண்காணிக்கும் வசதியும் அவர்களிடம் இருந்தது. ஆனால் அவர்கள் மறுக்கவில்லை. நம் நாட்டு சந்திரயான்-2 கலமும் அப்பல்லோ 11 இறங்கிய இடத்தை மேலிருந்து படம் எடுத்திருக்கிறது. விட்டுவந்த இறங்குகலத்தின் அடிப்பாகம் இன்னும் அங்கேயே நிற்கிறது.

நம் சமுதாயம் அறிந்திருக்க வேண்டிய ஒரு பெயரும் இதில் உண்டு: ஃபாரூக் அல் பாஸ். 1938-ல் எகிப்தில் பிறந்த நிலவியல் அறிஞர். அப்பல்லோ கலங்கள் நிலவில் எங்கே இறங்க வேண்டும் என்று தேர்வு செய்த குழுவின் செயலாளராக இருந்தார். மேலிருந்து பார்க்கும்போது நிலவின் பள்ளங்களையும் மேடுகளையும் எப்படிக் கவனிக்க வேண்டும் என்று வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தவரும் இவரே. நடக்காத ஒன்றுக்கு இவ்வளவு உழைத்தார் என்று சொல்வது அவரை அவமதிப்பதாகும்.

ஆம்ஸ்ட்ராங் கதைக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். ஒலி பரவுவதற்குக் காற்று வேண்டும். நிலவில் அது இல்லை. ஆம்ஸ்ட்ராங் முஸ்லிம் ஆனார் என்ற செய்தி முஸ்லிம் நாடுகளில் பரவியபோது, அது உண்மை அல்ல என்று 1983-ல் அவருடைய ஒப்புதலோடு அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரகங்களுக்குத் தெரிவித்தது. நிலவு பிளந்ததற்கு ஆதாரம் என்று பரவும் புகைப்படமும் இப்படித்தான். அது சுமார் 300 கி.மீ. நீளமுள்ள ஒரு பள்ளம். அதுபோன்ற பள்ளங்கள் நிலவில் ஏராளம். சந்திரன் பிளந்த அற்புதத்தை நாம் நம்புவது குர்ஆன் சொல்வதால். அதற்கு இந்தப் படம் தேவையில்லை. செய்தி வந்தால் விசாரித்து உறுதிசெய்யச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு விசாரிக்காமல் அனுப்பிக்கொண்டிருப்பதுதான் நமக்கு வருத்தமாக இருக்கிறது.

அப்படியானால் 1972-க்குப் பிறகு ஏன் யாரும் நிலவில் கால் வைக்கவில்லை? இது நியாயமான கேள்வி. முதல் காரணம் பணம். 1960-களின் நடுவில் அமெரிக்க அரசின் செலவில் 4 சதவீதத்துக்கும் மேல் நாசாவுக்குப் போனது. இன்று அது அரை சதவீதம்கூட இல்லை. ரஷ்யாவை முந்த வேண்டும் என்ற நோக்கம் நிறைவேறியதும் அரசியல்வாதிகளுக்கு ஆர்வம் போய்விட்டது. அப்பல்லோ 18, 19, 20 ஆகியவை ரத்து செய்யப்பட்டன. இன்னொரு காரணம், போய்வருவது வேறு, தங்குவது வேறு. நிலவில் அதிக நேரம் இருந்தவர்களே சுமார் மூன்று நாட்கள்தான் இருந்தார்கள்.

நிலவில் இரவு என்றால் பூமிக் கணக்கில் சுமார் 14 நாட்கள். பகலில் 120 டிகிரி வரை கொதிக்கும் தரை, இரவில் மைனஸ் 130 டிகிரிக்கும் கீழே போய்விடும். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 தென்துருவம் அருகே இறங்கியதை நாம் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் அதன் திட்ட இயக்குநர் என்பதில் நமக்குப் பெருமையும் கூட. அந்த விக்ரமும் பிரக்யானும் ஒரே ஒரு நிலவு இரவைத் தாண்டவில்லை. செப்டம்பர் தொடக்கத்தில் உறக்க நிலைக்குப் போனவை பிறகு எழவே இல்லை. எந்திரத்துக்கே இந்தக் கதி. மனிதனுக்கு அந்த 14 நாளும் சூடும் வெளிச்சமும் காற்றும் ஒரு நொடி விடாமல் கிடைக்க வேண்டும்.

இதோடு தூசியும் சேர்ந்துகொள்கிறது. காற்றும் மழையும் தேய்க்காததால் நிலவின் தூசி கண்ணாடித் தூள் போலக் கூர்மையானது. அது உடைகளை அரித்தது. அப்பல்லோ 17-ல் போன ஹாரிசன் ஷ்மிட்டுக்கு மூக்கடைப்பும் தும்மலும் வந்தன.

மூடிய இடத்தில் காற்றையும் உணவையும் தானே உண்டாக்கிக்கொண்டு வாழ முடியுமா என்று பூமியிலேயே சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் பயோஸ்பியர் 2 என்ற பெரிய கண்ணாடிக் கட்டடம். உள்ளே குட்டிக் காடு, வயல், ஆடு, கோழி எல்லாம் இருந்தன. 1991 செப்டம்பரில் எட்டுப் பேர் உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டார்கள். விளைச்சல் போதாமல் மெலிந்தார்கள். காற்றில் 21 சதவீதம் இருக்க வேண்டிய ஆக்சிஜன் மெல்ல மெல்ல 14 சதவீதம் அளவுக்கு இறங்கி, மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது. கடைசியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்த வேண்டியதாயிற்று. வளமான மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை இழுத்துக் கரியமில வாயுவாக மாற்ற, அந்த வாயுவைக் கட்டடத்தின் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டிருந்தது. கட்டியவர்கள் எதிர்பார்க்காத கணக்கு இது. நாம் கணக்கே பார்க்காமல் விடும் ஒவ்வொரு மூச்சையும் பூமியில் அல்லாஹ் எப்படிச் சரிகட்டி வைத்திருக்கிறான் என்பது அதை வேறிடத்தில் செய்ய முயலும்போதுதான் தெரிகிறது.

விண்வெளியில் மனிதர்கள் தொடர்ந்து தங்கியிருக்கும் இடங்களில் ஒன்று சர்வதேச விண்வெளி நிலையம். 2000 நவம்பர் முதல் அங்கே ஆள் இல்லாத நாளே இல்லை. வியர்வையையும் சிறுநீரையும் சுத்திகரித்துக் குடிக்கிறார்கள், தண்ணீரைப் பிரித்து ஆக்சிஜன் எடுக்கிறார்கள். உணவு மட்டும் பூமியிலிருந்துதான் போகிறது. எடையின்மையால் எலும்பு மாதத்துக்கு 1 சதவீதம் அளவுக்குக் கரைவதால், தினமும் சுமார் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். பூமியிலிருந்து வெறும் 400 கி.மீ. உயரத்தில் இருப்பதால் ஆபத்து என்றால் சில மணி நேரத்தில் இறங்கிவிடலாம். நிலவிலிருந்து திரும்ப மூன்று நாள். செவ்வாய் என்றால் போவதற்கே ஆறு மாதத்துக்கும் மேல். நினைத்தபோது கிளம்பவும் முடியாது. இரு கோள்களும் ஏற்ற இடத்துக்கு வர சுமார் 26 மாதங்கள் ஆகும்.

2007 ரமளானில் மலேசியாவின் ஷேக் முஸஃபர் ஷுகூர் அந்த நிலையத்துக்குப் போனார். ஒரு நாளில் 16 முறை சூரியன் உதிக்கும் இடத்தில் ஐந்து நேரத் தொழுகையை எப்படிக் கணக்கிடுவது? கிளம்பிய ஊரின் நேரத்தைப் பின்பற்றலாம் என்று மலேசிய உலமாக்கள் வழிகாட்டினார்கள். கிப்லாவுக்கு, முடிந்தால் கஅபாவின் திசை, இல்லாவிட்டால் பூமியின் திசை, அதுவும் முடியாவிட்டால் முடிந்த திசை என்று வரிசைப்படுத்தினார்கள். 2023 ரமளானில் அங்கே இருந்த அமீரகத்தின் சுல்தான் அல் நியாதியிடம் நோன்பு பற்றிக் கேட்டபோது, பயணிக்கு உள்ள சலுகை தமக்கும் உண்டு என்றார். ஆறு மாதம் தங்கியவரும் தம்மைப் பயணி என்றே சொல்லிக்கொண்டார்.

நிலவின் தென்துருவப் பள்ளங்களில் பனிக்கட்டி இருப்பதால், அங்கே ஒரு தளம் அமைப்பது நடக்கக்கூடிய காரியம்தான். ஆனால் அது ஊராக இருக்காது. அண்டார்டிகாவின் ஆய்வு நிலையங்களைப் போல, சில மாதம் வேலை பார்த்துவிட்டு அடுத்த குழு வந்ததும் கிளம்பும் இடமாக இருக்கும். அந்த அண்டார்டிகாவிலும் காற்று இலவசம், கப்பல் போகிறது. அப்படியிருந்தும் அங்கே குடும்பத்தோடு நிரந்தரமாகக் குடியேற யாரும் மனை வாங்கவில்லை.